தோளே, கொஞ்சம் பொறு!

உங்களை யாராவது 'கோச்' என்று கூப்பிட்டிருக்கிறார்களா? ரயில் பெட்டியைச் சொல்லவில்லை சார். எஸ்-6 கோச்சில் அப்பர் பெர்த்தில் நானும் எத்தனையோ தடவை தலையை இடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆனால், நானே ஒரு கோச் ஆவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் அமெரிக்காவில். அதுவும் பதினோரு வயதுப் பெண் குழந்தைகளுக்கு. அதுவும் பிறந்ததிலிருந்து நான் ஒரு நாள்கூட ஆடாத விளையாட்டுக்கு!

2023 மார்ச் மாதம். நியூ ஜெர்சியில் குளிர் போகட்டுமா, இருக்கட்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம். என் மகள் ஸ்கூலிலிருந்து ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள். ஊர் சாஃப்ட்பால் டீமில் சேர வேண்டுமாம்.

"பாட்டு கிளாஸ்ல வாயைத் திறக்க மாட்டேங்கறா. இங்கயாவது கையைக் காலை அசைக்கட்டுமே" என்றாள் என் மனைவி. அப்ளிகேஷன் போட்டாயிற்று.

பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆபீஸ் மெயிலை மேய்ந்துகொண்டிருந்தேன். "உதவிக்கு ஆள் தேவை. உங்களில் யாராவது பேஸ்பால், கிரிக்கெட் என்று ஏதாவது ஆடியிருக்கிறீர்களா?" என்று யாரோ கேட்டது அரைகுறையாகக் காதில் விழுந்தது. 'கிரிக்கெட்' என்ற வார்த்தையைக் கேட்டதும் கை தானாக உயர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு ஆம்பளையின் கை சார், அதற்குச் சொந்த புத்தி உண்டு.

என் கிரிக்கெட் அனுபவம் என்ன? மாம்பலத்தில் ஒரு சந்து. காம்பவுண்டு சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுதான் ஸ்டம்ப். எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட். அடித்தவனே போய் மாமியிடம் திட்டு வாங்கி எடுத்து வர வேண்டும். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, போலீஸ் ரெக்கார்டு பரிசோதனை எல்லாம் முடிந்து (அதில் பாஸ்!), கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி என்னை உதவி கோச் ஆக்கிவிட்டார்கள்.

பெரிய கோச் ஒரு தாத்தா. ரிட்டையர்டு கார் மெக்கானிக். பேத்தி வயசுக் குழந்தைகளுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறார். என் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்தாரோ என்னவோ, "சரி, நீயும் கோச்தான்" என்று முடித்துவிட்டார்.

* * *

சாஃப்ட்பால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

1887, நவம்பர் மாதம், சிகாகோ. அங்கே ஒரு படகு கிளப்பில் கொஞ்சம் பேர் கூடி, ஹார்வர்டு-யேல் கால்பந்தாட்டத்தின் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தார்கள். ரிசல்ட் வந்த குஷியில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் கையிலிருந்த குச்சியால் அதை ஒரு போடு போட்டார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே கயிற்றால் பந்து மாதிரி கட்டி, "வாங்கடா, ஆடலாம்" என்று ஆரம்பித்து வைத்தார். வேலை வெட்டி இல்லாமல் காத்திருக்கும் ஆண்களால் உலகத்துக்கு நல்லதும் நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. 'சாஃப்ட்பால்' என்ற பெயர் 1926-ல்தான் வந்தது.

பெயர்தான் சாஃப்ட். பந்து சாஃப்ட் இல்லை! கிரிக்கெட் பந்தின் சுற்றளவு 9 அங்குலம். இது 12 அங்குலம். எடையும் அதைவிடக் கூடுதல். ஒரு தடவை முழங்காலில் வாங்கிப் பார்த்தேன். மூன்று நாள் மாடிப்படியைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது.

பந்து போடும் பெண்ணை 'பிட்சர்' என்பார்கள். கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழேயிருந்து விடுவாள். பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தூரம் 40 அடிதான். மணிக்கு 45 மைல் வேகத்தில் வந்தால், 0.6 விநாடிக்குள் பந்து உங்கள் மூக்கைத் தாண்டிவிடும். அதற்குள் பார்த்து, முடிவு செய்து, அடிக்க வேண்டும். நம்மில் பலர் ஹோட்டலில் இட்லியா தோசையா என்று தீர்மானிக்கவே ஆறு நிமிஷம் எடுத்துக்கொள்கிறோம்.

'பெண் பிள்ளைகள் விளையாட்டுதானே, கையைக் கீழே விட்டுத்தானே போடுகிறார்கள்' என்று இளக்காரம் வேண்டாம். ஜென்னி ஃபிஞ்ச் என்ற சாஃப்ட்பால் வீராங்கனை, 2004-ல் ஒரு காட்சிப் போட்டியில், ஆல்பர்ட் பூஹோல்ஸ் உட்பட பெரிய பெரிய பேஸ்பால் சூரர்களை மட்டையைக் காற்றில் வீசிவிட்டுத் திரும்ப வைத்தார். இத்தனைக்கும் பந்து அவர்கள் வழக்கமாக ஆடுவதைவிடப் பெரிசு!

1996-லிருந்து 2008 வரை ஒலிம்பிக்ஸில் பெண்கள் சாஃப்ட்பால் இருந்தது. பிறகு தூக்கிவிட்டு, 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் மறுபடி சேர்த்தார்கள். 2028-க்கும் உண்டு. 2008, 2021 இரண்டு இறுதியாட்டங்களிலும் அமெரிக்காவைத் தோற்கடித்தது ஜப்பான். இதைத் தாத்தாவிடம் ஒருமுறை தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

* * *

சரி, என் கோச்சிங் மகிமைக்கு வருவோம்.

முதல் வேலையாக யூடியூபில் பெரிய ஆட்டக்காரர்கள் அடிப்பதை ஸ்லோமோஷனில் பார்த்தேன். அடித்து முடித்ததும் அவர்கள் நிற்கிற கோலம் இருக்கிறதே... உடம்பு கயிறு மாதிரி முறுக்கி, நெஞ்சு இடது பக்கம் திரும்பி, மட்டை முதுகுக்குப் பின்னால் போய்... ஆஹா! ரகசியம் இதுதான், எவ்வளவு சுற்றுகிறோமோ அவ்வளவு பலம் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த நாள் மைதானத்தில் என் ஒரே மந்திரம், "டர்ன்! டர்ன்!" என் மகளுக்கு மட்டும் தாய்மொழிக் கல்வி. "சுத்து! நல்லா சுத்தும்மா! இன்னும் வேகமா சுத்து!"

பதினொரு பெண்கள் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டே நாளில் டீம் முழுக்க அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. யார் மட்டை எடுத்துப் போனாலும் பெஞ்சிலிருந்து "ஸுத்து! ஸுத்து!" என்று ஒரே கோஷம். எதிர் டீம்காரர்கள் ஏதோ ஜப்பானிய வார்த்தை என்று நினைத்து மிரண்டார்கள். நியூ ஜெர்சி மண்ணில் தமிழ் வளர்த்த பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

தமிழ் வளர்ந்தது. ரன் வளரவில்லை.

என் மகளோ அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. பந்து வருவதற்கு முன்னாலேயே, சட்டை முதுகில் இருக்கும் நம்பர் பிட்சருக்குத் தெரிகிற அளவுக்குத் தோளை உள்பக்கம் திருப்பிக்கொள்வாள். பந்து கையை விட்டுக் கிளம்பியதும் பம்பரம் மாதிரி ஒரே சுற்று. சுற்றி முடிக்கும்போது முகம் தேர்ட் பேஸ் பக்கம் திரும்பியிருக்கும். பந்து அது பாட்டுக்கு அவளைத் தாண்டிப் போய், பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்ச்சர் பெண்ணின் கையுறையில் 'டப்' என்று விழும்.

எப்போதாவது மட்டையில் பட்டால் இன்னும் ஆபத்து. பந்து இடது பக்கமாகக் கோட்டுக்கு வெளியே பறந்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் மத்தியில் விழும். ஒரு பெண்மணியின் காபி ஃபிளாஸ்க் அந்த சீசனின் முதல் களபலி.

மூன்று ஆட்டம். எட்டு தடவை மட்டையோடு போனாள். எட்டு தடவையும் பந்தைத் தொடாமலே திரும்பினாள்.

"மட்டை சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ப் பெரிசாக ஒன்று வாங்கி வந்தேன். 32 அங்குலம், 22 அவுன்ஸ். "வளர்ற பொண்ணு, அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று சொல்லிக்கொண்டேன். ஸ்கூல் யூனிஃபாரத்தை ரெண்டு சைஸ் பெரிசாகத் தைத்துப் போட்டே வளர்ந்த பரம்பரை சார். ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்?

* * *

தாத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் ஒரு பெரிய துண்டை எடுத்து வந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, "பிழி" என்றார்.

நான் முறுக்க ஆரம்பித்தேன். அவரும் என் கூடவே, என் பக்கமாகவே திருப்பினார். துண்டு உருண்டதே தவிர, முறுக்கு ஏறவில்லை.

"இப்போ பார்" என்று தன் முனையை அசையாமல் பிடித்தார். நான் திருப்பத் திருப்ப, முறுக்கு ஏறி என் கை வலித்தது.

"உன் முனை இடுப்பு. என் முனை தோள். ரெண்டும் சேர்ந்து திரும்பினா பலம் எங்கேயிருந்து வரும்?"

சார், ஊரில் அம்மாவும் நானும் கிணற்றடியில் போர்வை பிழிந்திருக்கிறோம். ரெண்டு பேரும் ஒரே பக்கம் திருப்பினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை ஒரு மெக்கானிக்கிடமிருந்து மறுபடி கற்றுக்கொண்டு வந்தேன்.

அடிக்கும்போது நடக்க வேண்டிய வரிசை இது. முன்கால் தரையில் ஊன்றும். இடுப்பு திரும்பத் தொடங்கும். அந்த ஒரு கணம் தோள் பொறுத்திருக்க வேண்டும். அப்போதுதான் இடைப்பட்ட உடம்பில் முறுக்கு ஏறும். பிறகு தோள், அப்புறம் கை, கடைசியில் மட்டை. சாட்டையைச் சொடுக்கினால் கைப்பிடியில் ஆரம்பித்த வேகம் நுனிக்குப் போகிறதே, அந்த மாதிரி. 1941-ல் .406 என்ற சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் மேதையும் இடுப்புதான் முதலில் போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னவர்.

தோளை அளவுக்கு மீறித் திருப்புவதில் ரெண்டு வகை உண்டு. இரண்டையும் என் பெண் ஒரே வீச்சில் செய்தாள்.

ஒன்று, ஆரம்பத்தில் உள்பக்கம் அதிகமாகத் திருப்புவது. வலது கை ஆட்டக்காரி இடது தோளுக்கு மேலாகத்தான் பந்தைப் பார்க்க வேண்டும். தோள் ரொம்ப உள்ளே போய்விட்டால் கழுத்து எவ்வளவுதான் திரும்பும்? வலது கண்ணுக்கு மூக்கே குறுக்கே நிற்கும். ரெண்டு கண்ணால் பார்த்தாலே தெரியாத பந்தை, ஒற்றைக் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும்?

இன்னொன்று, முன் தோள் அவசரப்பட்டு வெளிப்பக்கம் பிய்த்துக்கொண்டு போவது. தோள் போனால் தலை போகும். தலை போனால் கண் போகும். மட்டையும் உடம்போடு இழுபட்டுப் போய்விடும். அப்புறம் தள்ளி வருகிற பந்து எட்டாது. நெருங்கி வருகிற பந்து அம்மாக்களின் ஃபிளாஸ்க்கைத் தேடிப் போகும்.

"ஆனா, டி.வி.யில எல்லாரும் முழுக்கச் சுத்திட்டுத்தானே நிக்கறாங்க?" என்று கேட்டேன்.

"அது பந்து போனப்புறம்! அடிச்ச வேகத்துல உடம்பு தானா போய் நிக்குற இடம் அது" என்றார்.

கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நான் கல்யாணம் நடத்தக் கிளம்பியிருக்கிறேன்! முகூர்த்தம் நடுப்பக்கத்தில் அல்லவா இருக்கிறது?

போகிறபோது தாத்தா புது மட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இது யாருக்கு, உனக்கா? கைக்குக் கனமா இருந்தா, பிள்ளை தோளைப் போட்டுத்தான் இழுக்கும்" என்றார். மறுநாளே மாற்றி 29 அங்குலத்தில் 18 அவுன்ஸ் மட்டை வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

* * *

நோய் தெரிந்தாகிவிட்டது. மருந்து கொடுக்க வேண்டியதுதானே? கொடுத்தேன். "தோளைத் திருப்பாதே! தோளைத் திருப்பாதே!"

குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்றானாம் ஒரு வைத்தியன். அதே கதைதான். என் பெண் தோளைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. மாரியம்மன் கோயில் வாசல் பூதம் மாதிரி விறைத்து நின்று, கையை மட்டும் நீட்டி, ஈ ஓட்டுகிற மாதிரி மட்டையை அசைத்தாள். முன்னாலாவது காற்று வந்தது. இப்போது அதுவும் போச்சு!

பிறகு தேடிப் படித்ததில் இதற்கு ஆராய்ச்சியே இருப்பது தெரிந்தது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற விஞ்ஞானி 1998-ல் தன் சகாக்களுடன் ஒரு சோதனையை வெளியிட்டார். பனிச்சறுக்கு மாதிரி பக்கவாட்டில் ஆடும் ஒரு மெஷினில் ஆட்களை ஏற்றி, சிலரிடம் "உங்கள் பாதத்தில் கவனம் வையுங்கள்" என்றும், சிலரிடம் "மெஷினின் சக்கரத்தில் கவனம் வையுங்கள்" என்றும் சொன்னார்கள். சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கிணற்றடியில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற பெண், இடுப்பையா நினைத்துக்கொண்டு வைக்கிறாள்? தண்ணீர் தளும்பக் கூடாது என்று நினைக்கிறாள். இடுப்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் நான் பின்னால் படித்தது. அதற்குள் வீட்டில் வேறு ஒன்று நடந்துவிட்டது.

ஏப்ரல் கடைசி வாரம். நாலாவது ஆட்டம் முடிந்து காரில் வந்துகொண்டிருந்தோம். பின் சீட்டில் சத்தமே இல்லை. வழக்கமாக ஐஸ்க்ரீம் கடையைத் தாண்டும்போதாவது ஒரு முனகல் வரும். அன்று அதுவும் இல்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாள். "அப்பா, நான் அடுத்த வாரத்துலேர்ந்து வரலை."

"ஏம்மா? அவுட் ஆனா என்ன? எல்லாரும்தான் ஆகறாங்க."

"அவுட் ஆனா பரவாயில்லப்பா. அவுட் ஆனப்புறம் உங்க மூஞ்சியைப் பார்க்கத்தான் பிடிக்கல."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸிலிருந்து போன் வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், "ஆட்டத்துல நீ எங்க நிக்கறே?" என்று கேட்டார்.

"தேர்ட் பேஸ்ல. நீங்கதானே நிக்கச் சொன்னீங்க?"

"அவ சுத்தி முடிச்சதும் மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

சார், எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வலது கை ஆட்டக்காரி அளவுக்கு மீறிச் சுற்றினால் முகம் எங்கே திரும்பும்? தேர்ட் பேஸ் பக்கம். அங்கே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பது யார்?

தோளில் கோளாறு பாதிதான். பந்து மட்டையில் படுவதற்கு முன்னாலேயே அப்பா மூஞ்சி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்பியிருக்கிறது குழந்தை! கண் போன இடத்துக்குத் தலை, தலை போன இடத்துக்குத் தோள்.

"அடுத்த ஆட்டத்துலேர்ந்து நீ ஃபர்ஸ்ட் பேஸ்ல நில்லு" என்றார் தாத்தா. "பொண்ணை ஒரே ஒரு நாள் மட்டும் பயிற்சிக்குக் கூட்டிட்டு வா. மத்தது என் பொறுப்பு."

* * *

ஒரே ஒரு நாள் என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன். ஐஸ்க்ரீம் லஞ்சமும் உண்டு.

தாத்தா 'டீ' வைத்தார். வாயில் எச்சில் ஊற வேண்டாம், குடிக்கிற டீ இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு ரப்பர் கம்பம், அதன் தலையில் பந்தை வைத்து அடிக்கலாம். அதை என் பெண்ணுக்கு எதிரே வைக்காமல், அவளைவிட்டுத் தள்ளி, பிளேட்டின் அந்தப் பக்க ஓரத்தில், கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் கொடுத்து, ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவே, தூரமாக நிற்கச் சொன்னார். பந்து எல்லாம் ஓட்டை போட்ட லேசான பிளாஸ்டிக் பந்து.

பிறகு என் மகளிடம் சொன்னார். "தோள், இடுப்பு எல்லாம் மறந்துடு. உங்கப்பாவை அடி."

அவள் முகத்தில் ஒரு மாசமாகப் பார்க்காத சிரிப்பு வந்தது.

விஷயம் இதுதான். தள்ளி வைத்த பந்தை வலது பக்கம் அனுப்ப வேண்டுமென்றால், முன் தோள் சீக்கிரம் திறக்கவே முடியாது. திறந்தால் மட்டை எட்டாது, அல்லது பந்து இடது பக்கம் உருளும். 'தோளைத் திருப்பாதே' என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பந்து வைத்த இடமும் வாளியோடு நின்ற அப்பாவுமே அதைச் சொல்லிக் கொடுத்தோம். முதல் பத்துப் பந்து எங்கெங்கோ போனது. பதினொன்றாவது என் வாளியில் 'டங்'. பதினாலாவது என் வழுக்கையில். மைதானமே சிரித்தது. அவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் "வரலை" என்ற பேச்சே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு தாத்தா ஒவ்வொன்றாகக் கொடுத்தார். மோவாயை இடது தோளுக்குப் பக்கத்தில் வைத்து ஆரம்பித்து, வலது தோளில் முடிக்க வேண்டும். தலை அங்கேயே இருக்கும், தோள்தான் அடியில் நகர்ந்து போகும். அப்புறம், பந்துகளில் மார்க்கர் பேனாவால் நம்பர் எழுதி, பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போடுவார். அடித்துக்கொண்டே நம்பரைச் சொல்ல வேண்டும். தலை திரும்பினால் நம்பர் தெரியாது. அவ்வளவுதான் வாத்தியார் வேலை!

என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன். நாம் சின்ன வயதில் 'ஸ்டாச்சு' ஆடியிருக்கிறோமே, அதே ஆட்டம். டீயில் இருக்கும் பந்தை மெதுவாக வீசி அடிக்க வேண்டும், மட்டை படும்போது "ஸ்டாச்சு!" என்பேன். அப்படியே உறைந்து நிற்க வேண்டும். கண் பந்து இருந்த இடத்தில் இருக்கிறதா, நெஞ்சு இடது பக்கம் ஓடிவிட்டதா என்று அவளே குனிந்து பார்த்துக்கொள்வாள். தாத்தா இதைப் பார்த்துவிட்டு, "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார். மாம்பலத்துப் புஸ்தகம் என்றேன்.

சுழற்சியே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுழலாமல் பலம் இல்லை. உடம்பை ஒட்டி வருகிற பந்துக்குக் கூடுதலாகவே சுழல வேண்டும். எப்போது என்பதில்தான் இருக்கிறது எல்லாம். இடுப்பு போகட்டும். தோளே, நீ கொஞ்சம் பொறு!

இந்தப் 'பொறு'வை ஒருநாள் மகளிடம் வாய்தவறித் தமிழில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பெஞ்சில் 'ஸுத்து' காலமாகி, "போரு! போரு!" பிறந்தது.

* * *

ஜூன் மாதம், சீசனின் கடைசி ஆட்டம். 9-4 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். கதையில் என்றால் இங்கே என் மகள் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஜெயிக்க வைத்திருப்பாள். இது கதை இல்லை.

முதல் பந்து, விட்டுவிட்டாள். இரண்டாவது, வீசினாள், படவில்லை. பழக்க தோஷத்தில் என் வாய் திறந்தது. திறந்த வாயில் பாக்கெட்டிலிருந்த சூயிங்கத்தைப் போட்டு மூடினேன். பெஞ்சு மட்டும் "போரு!" என்றது.

மூன்றாவது பந்து தள்ளி வந்தது. தோள் பொறுத்தது. பந்து வலது பக்கமாக, செகண்ட் பேஸ் பெண்ணின் தலைக்கு மேல் அழகாகத் தாண்டிப் புல்லில் விழுந்தது. வாளியோடு நான் நின்றேனே, ஏறக்குறைய அந்த இடம்!

ஓடி வந்து ஃபர்ஸ்ட் பேஸில் நின்றாள். எனக்கு ரெண்டடி தூரத்தில். மூச்சு வாங்கியது. ஹெல்மெட்டை மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"வாயில சூயிங்கம்" என்றேன்.

9-4 என்றே தோற்றோம். வீட்டுக்குப் போகிற வழியில் ஐஸ்க்ரீம் கடை வருவதற்கு அரை மைல் முன்னாலேயே பின் சீட்டிலிருந்து முனகல் கேட்டது. வண்டியைத் திருப்பினேன்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். எங்கள் டீமில் ஒரு புதுப் பையன். கோயம்புத்தூர்க்காரன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். நான் பின்னால் போய் நின்றாலே அவன் டைப் அடிப்பதில் தப்பு வரும். 'கவனம் போதாது' என்று மூன்று மாசமாக ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அன்றும் வழக்கம்போல அவன் நாற்காலிக்குப் பின்னால் போனேன். நான் வருவது தெரிந்ததும் அவன் தோள் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

அப்படியே யூ-டர்ன் அடித்து, என் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.